சொல் மட்டும் வந்ததா, ஆளும் கூட வந்தாரா?

முகநூலில் ஒரு வகைப் பதிவு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொரியாவிலும் அம்மாவை அம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்கிறார்கள், அதனால் நாமும் அவர்களும் ஒரே கொடி, அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் நம் ஆட்கள்தான் என்று முடித்துவிடுகிறார்கள். ஐந்தாறு சொல் ஒத்துப்போனால் ஒரு இனத்தையே கடல் தாண்ட வைத்துவிடும் இந்த அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. சொல் ஒற்றுமை நல்ல சாட்சிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கூண்டில் ஏறிய சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் இறக்கிவிடலாமா? அம்மா, அப்பா மாதிரியான சொற்கள் குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகளில் இருந்து பல மொழிகளில் தனித்தனியாகவே பிறந்திருக்கின்றன. அவற்றை வைத்து யாருடைய பயணத்தையும் நிரூபிக்க முடியாது.

இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழ் ஆட்களாகிய நமக்கு இது பொழுதுபோக்கு விஷயம் கிடையாது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது முன்னோர் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்த எத்தனை பேருக்கு அப்போது பிறப்புச் சான்று இருந்தது? ஆட்கள் வந்ததற்கு அவர்கள் பேச்சே சாட்சியாக இருந்தது, அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் "சொல்லை வைத்து ஜனங்களின் பயணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியும் என்றால் எந்தச் சொல்லை வைத்து" என்ற கேள்வி என்னை விடுவதில்லை. இந்தக் கேள்விக்கு உலகத்தில் அதிகமாகத் தோண்டிப் பார்க்கப்பட்ட இடம் ஜெர்மானிய மொழிகள். இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு, ஃப்ரீசியன், டேனிஷ், சுவீடிஷ், ஐஸ்லாந்திக், செத்துப்போன கோதிக் எல்லாம் அந்தக் குடும்பம்.

என் தங்கச்சி தாதி வேலைக்கு ஜெர்மனி போவதற்காகக் கண்டியில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வழியில்தான் கிளம்புகிறார்கள். அவளுடைய சொற்கொப்பியைப் புரட்டும்போது "அக்கா, இது இங்கிலீஷையே ஊர் மாத்தி எழுதின மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இங்கிலீஷில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். ஆப்பிளுக்கு ஆப்ஃபெல். டென் என்றால் ட்ஸேன், டங் என்றால் ட்ஸுங்கெ. இதில் ஒற்றுமையைப் பார்ப்பது சுலபம். நான் அவளிடம் வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லின் தொடக்கத்தில் ட் வரும் இடத்தில் ஜெர்மனில் ட்ஸ், நடுவில் வரும் இடத்தில் ஸ். ப் வரும் இடத்தில் ப்ஃப் அல்லது ஃப். ஒரு சொல்லில் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம், ஆனால் கொப்பி முழுக்க அதே ஒழுங்கு ஓடுகிறது. ஒரே மாதிரி இருப்பதை விட, ஒரே ஒழுங்கில் வேறுபடுவதுதான் உறவுக்குப் பலமான சாட்சி. கொரிய அம்மாவிடம் இந்த ஒழுங்கைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

இதை முதலில் அடுக்கிக் காட்டியவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க், 1818இல். 1822இல் யாக்கோப் கிரிம் அதையே விதியாக எழுதினார். லத்தீனில் சொல் தொடக்கத்தில் ப் இருந்தால் ஜெர்மானிய மொழிகளில் ஃப்: பாட்டெர் ஃபாதர் ஆகிறது, பிஸ்கிஸ் ஃபிஷ் ஆகிறது. ட் இருந்தால் த்: ட்ரேஸ் த்ரீ ஆகிறது. க் இருந்தால் ஹ்: கொர்னு ஹார்ன் ஆகிறது. இது லத்தீனில் இருந்து வாங்கியதால் வந்த மாற்றம் இல்லை. இரண்டுக்கும் பொதுவான பழைய மொழி ஒன்று இருந்து, ஜெர்மானியர் பக்கம் மட்டும் ஒலிகள் இப்படி நகர்ந்திருக்கின்றன. ஆப்பிள், ஆப்ஃபெல் ஆனது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாவது நகர்வு. அது தெற்கு ஜெர்மனிப் பக்கம் மட்டும் நடந்தது, வடக்கே போகப் போகத் தேய்ந்து நின்றுவிட்டது. அதனால்தான் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் இன்னும் பழைய ட், ப்பையே வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு நகர்வையும் கையில் வைத்துக்கொண்டு மிளகை எடுத்துப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். மாத்தளைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் கொடி ஏறி நிற்கிற அதே மிளகு. இங்கிலீஷில் பெப்பர், டச்சில் பேப்பர், சுவீடிஷில் பெப்பார், ஜெர்மனில் ப்ஃபெஃபர். எல்லா ஜெர்மானியரிடமும் இருக்கிறதே, ஆதி ஜெர்மானியர் மிளகுக் கொடியோடு புறப்பட்டு வந்தார்களா? இல்லை. ஆதியிலேயே இருந்த சொல்லாக இருந்தால் முதல் நகர்வில் மாட்டி, ஃப் என்றுதான் தொடங்கியிருக்கும். ப் அப்படியே நிற்பதால் முதல் நகர்வு முடிந்த பிறகு வந்த சொல். ஆனால் ஜெர்மனில் ப்ஃப் ஆகியிருப்பதால் இரண்டாவது நகர்வுக்கு முன்னாலேயே வந்துவிட்ட சொல். இரண்டாவது நகர்வு சுமாராக 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் நடந்தது. ஆக, ரோமானியர் காலத்துச் சந்தையில் கை மாறிய சொல் இது. லத்தீன் பீப்பர், அதற்கு முன் கிரேக்க பெபெரி, அதற்கும் முன் இந்தியாவின் பிப்பலி, அதாவது நம் திப்பிலி. 408இல் கோத் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் அரசன் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, விலகிப்போக விலையாகக் கேட்டதில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. இத்தனைக்கும் மிளகு விளைந்த மலைப் பக்கம் எந்த ஜெர்மானியரும் வந்தது இல்லை. சரக்கு போயிற்று, சரக்கோடு பெயரும் போயிற்று. இதே ஜெர்மன் மொழியில் காகிதத்துக்குப் பாப்பியர் என்கிறார்கள், அங்கே ப் மாறவே இல்லை. காரணம், அது நகர்வெல்லாம் ஓய்ந்து பல நூற்றாண்டு கழித்து உள்ளே வந்த சொல். ஒரு எழுத்தை வைத்து, சொல் எந்தக் காலத்தில் வாசல் தாண்டியது என்று சொல்ல முடிகிறது!

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். லயத்துக் காம்பராவின் முன்னால் இருக்கும் சின்ன இடத்தை நாம் இஸ்தோப்பு என்கிறோம். அது டச்சுச் சொல், ஸ்தூப். இங்கிலீஷின் ஸ்டெப்புக்குச் சொந்தக்காரச் சொல்தான். நியூயார்க்கில் வீட்டு வாசற்படிகளை ஸ்டூப் என்கிறார்கள், அதுவும் இதே டச்சுதான், ஏனென்றால் 1664இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை அந்த ஊர் டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாம். தென்னாப்பிரிக்காவிலும் வீட்டு முன்திண்ணைக்கு அதே பெயர். நியூயார்க், கேப் டவுன், தலவாக்கலை, மூன்று ஊரிலும் ஒரே சொல். இதை வைத்து மூன்று ஊர்க்காரரும் ஒரே வழி வந்தவர்கள் என்று யாராவது எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நுவரெலியாத் தோட்டங்களில் விளையும் போஞ்சியும் அப்படித்தான், டச்சில் பூன்ட்யெ, சின்ன அவரை. இங்கிலீஷ் பீன், ஜெர்மன் போனெ இரண்டுக்கும் அது பங்காளி. பழைய ஆட்கள் அலுவலகத்தைக் கந்தோர் என்பார்களே, அதுவும் டச்சு வழி வந்தது. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், டச்சுக்காரர் மலைநாட்டை ஆண்டதே இல்லை. 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். கண்டி இராச்சியம் 1815 வரை தன் காலில் நின்றது. தோட்டமும் லயமும் அதற்கும் பிறகு வந்தவை. ஆகவே இஸ்தோப்பு இங்கே வந்தபோது அதைக் கொண்டுவர டச்சுக்காரர் யாரும் இல்லை. கரையோரத்தில் சிங்களத்துக்குள் போய், இஸ்தோப்புவ ஆகி, சிங்களத்தில் இருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. சொல் மட்டும் தனியாக வந்திருக்கிறது, கடைசி ஆளிடம் அது எங்கே இருந்து புறப்பட்டது என்ற தடயமே இல்லாமல்.

இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரு மொழியியலாளர் வருகிறார், அவர் கையில் ஏடு இல்லை, பதிவேடு இல்லை, நம் பேச்சும் ஊர்ப்பெயர்களும் மட்டும் இருக்கின்றன. பாண், கதிரை, அலவாங்கு, சப்பாத்து, தவறணை எல்லாம் போர்த்துக்கேயம் என்று கண்டுபிடிப்பார். கொட்டகலைப் பக்கம் போர்த்துக்கேயர் குடியேறியிருந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமார் பெயர்கள், இங்கிலீஷ் சொற்கள் எல்லாம் பார்ப்பார். அப்புறம் வரைபடத்தைப் பார்ப்பார்: ஹோலிரூட், டன்சினேன், எடின்பரோ, கிளாஸ்கோ, பால்மோரல். இத்தனை ஸ்கொட்லாந்துப் பெயர் இருந்தால் ஸ்கொட்லாந்து ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து இந்த மலையை நிரப்பியிருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆனால் வந்தது தோட்டத்துக்கு ஒரு தொரை, ஒன்றிரண்டு சின்னத்தொரை. மலையை நிரப்பியது வேறு ஜனம். பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைத்தான் வரைபடம் சொல்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனால், அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் எதற்காக இத்தனை காலம் சண்டை போட்டார்கள் என்பது நமக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் புரியும். அங்கே கிழக்கிலும் வடக்கிலும் கிரிம்ஸ்பி, விட்பி, டர்பி என்று பி என முடியும் ஊர்கள் நிறைய. பி என்றால் ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் ஊர், குடியிருப்பு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கி, 9ஆம் நூற்றாண்டில் படையோடு வந்து தங்கிய வைக்கிங்குகள் வைத்த பெயர்கள். ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வந்தனவா, கொஞ்சம் பேர் வந்து நிலத்தைப் பிடித்துப் பெயர் மாற்றினார்களா? ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஹோலிரூட்டும் கிரிம்ஸ்பியும் ஒன்றுதான்.

ஆனால் இங்கிலீஷுக்குள் வேறு சாட்சிகள் இருக்கின்றன. தே, தெம், தெயர் மூன்றும் நோர்ஸில் இருந்து வந்தவை. ஸ்கை, நைஃப், விண்டோ, ஹஸ்பண்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ஒரு மொழி கடைத்தெருவில் சரக்கின் பெயரை வாங்கும், அரசாங்கக் கச்சேரியில் அதிகாரத்தின் பெயரை வாங்கும். அவர்கள், அவர்களை என்ற சுட்டுப்பெயரை எங்கே போய் வாங்கும்? ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இரண்டு பாஷையும் தெரிந்த தாயின் மடியில் பிள்ளை வளர்ந்தால்தான் அது நடக்கும். தொரைமார் நூறு வருடத்துக்கு மேல் நம்மை ஆண்டும், நாம் அவர்களிடமிருந்து ஒரு சுட்டுப்பெயர் கூட எடுக்கவில்லை. இது எனக்குப் பெரிய அளவுகோலாகத் தெரிகிறது.

முட்டைக்கு இங்கிலீஷில் எக் என்பதும் நோர்ஸ்தான். ஊரில் முன்பே இருந்த சொல் வேறு, அதன் பன்மை எய்ரென். இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த கேக்ஸ்டன் 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதைப்பற்றி ஒரு கதை சொல்கிறார். வியாபாரிகள் சிலர் நெதர்லாந்தின் ஸேலாந்து போகக் கப்பலில் இருக்கிறார்கள், காற்று இல்லாமல் தேம்ஸ் நதியில் நிற்க வேண்டியதாயிற்று. கரையேறி ஒரு வீட்டில் எக்ஸ் கேட்கிறார் ஒருவர். வீட்டுக்கார அம்மா, எனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. இன்னொருவர் எய்ரென் வேண்டும் என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வைக்கிங்குகள் வந்து தங்கி அறுநூறு வருடம் ஆகியும் அவர்கள் கொண்டுவந்த சொல் தெற்கே முழுதாகப் போய்ச் சேரவில்லை! குடியேற்றம் எங்கே இறங்கியது, எவ்வளவு தூரம் பரவியது என்பதை ஒரு முட்டை காட்டிக்கொடுக்கிறது.

அதற்கு முந்தைய குடியேற்றம்தான் பெரியது. 731இல் பாதிரியார் பீட் எழுதி முடித்த வரலாற்றில் ஆங்கிள், சாக்ஸன், ஜூட் என்று மூன்று கூட்டம் பிரித்தானியாவுக்கு வந்ததாக இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் ஃப்ரீசியர் பெயரையும் சொல்கிறார். ஆனால் பீட் எழுதும்போது சம்பவம் நடந்து கிட்டத்தட்ட முந்நூறு வருடம். பேச்சு என்ன சொல்கிறது? ஜெர்மனில் ஐந்து ஃப்யூன்ஃப், நம்மை என்பதற்கு உன்ஸ். இங்கிலீஷில் ஃபைவ், அஸ். நெதர்லாந்தின் வடகரையில் இன்றும் பேசப்படும் ஃப்ரீசியனில் ஃபீஃப், ஊஸ். நடுவில் இருந்த ன் இங்கிலீஷிலும் ஃப்ரீசியனிலும் ஒழுங்காக விழுந்திருக்கிறது. அதே போலப் பாலாடைக்கட்டிக்கு ஜெர்மனில் கேஸெ, டச்சில் காஸ், ஆனால் ஃப்ரீசியனில் ட்ஸீஸ், இங்கிலீஷில் சீஸ். பழையதை இரண்டு பேரும் அப்படியே வைத்திருந்தால் அதில் தனி உறவு எதுவும் தெரியாது, பழைய சொத்து யாரிடமும் மிஞ்சலாம். புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்திருக்கிறார்கள் என்றால்தான் அவர்கள் ஒரு காலத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் தினமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வட கடலின் இரண்டு கரையும் ஒரே பேச்சு வட்டமாக இருந்திருக்கிறது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் ஃப்ரீசியக் கரையே பெரும்பாலும் ஆளில்லாமல் போய், பிறகு வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறியதாகத் தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் இங்கிலாந்துக்கு வந்த அலையின் ஒரு கை அங்கேயும் ஒதுங்கியிருக்கலாம்.

அந்தக் குடியேற்றத்தில் வந்தது கொஞ்சம் பேர்தான், உள்ளூர் ஜனம் பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டது என்று 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலர் எழுதினார்கள். எனக்கு அது எப்போதும் இடித்தது. உள்ளூர்க் கெல்டிக் பேச்சில் இருந்து இங்கிலீஷுக்கு வந்த சொற்கள் அவ்வளவு குறைவு, தேம்ஸ் மாதிரி ஆற்றுப் பெயர்களை விட்டால் அன்றாடப் பேச்சில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் பேர் வந்து கலந்தால் இப்படி இருக்குமா? 2022இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வில், கிழக்கு இங்கிலாந்தின் ஆரம்ப இடைக்கால எலும்புகளில் வட கடலின் மறுகரை வம்சாவளி 76 சதவீதம் வரை இருந்ததாகக் கண்டார்கள். ஆட்கள் வந்திருக்கிறார்கள், பெண்களும் பிள்ளைகளுமாக.

கோத்துகள் விஷயம் இவ்வளவு சுத்தமாக முடியவில்லை, அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். 551 வாக்கில் யோர்டானேஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியபடி கோத்துகள் ஸ்கான்ட்ஸா என்ற வடக்குத் தீவிலிருந்து புறப்பட்டவர்கள், அதாவது ஸ்காண்டிநேவியா. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் கோதிக்கில் பெயர்த்த வேதாகமத்தின் 6ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று, ஊதாத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, இன்று சுவீடனின் உப்சலாவில் இருக்கிறது. கோதிக்கும் நோர்ஸும் சேர்ந்து செய்த ஒரு ஒலி மாற்றத்துக்கு நம் முட்டையே மறுபடி சாட்சி. நோர்ஸில் நடுவில் அழுத்தமான மெய் வந்து எக் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் தூதராக இருந்த புஸ்பெக், கிரைமியாவில் இருந்து வந்த இருவரிடம் கேட்டு எழுதிய எண்பது சொச்சம் கோதிக் சொற்களில் முட்டை, அடா. அங்கேயும் நடுவில் மெய். ஜெர்மனிலோ வெறும் ஐ. சரி, வடக்கிலிருந்து போனதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதா? ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். யார் எங்கே இருந்து எங்கே போனார் என்று இது சொல்லவில்லை.

இன்னொரு சாட்சியையும் கூப்பிடுவார்கள். பால்டிக் கடலின் கோட்லாந்து தீவில் ஆட்டுக்கு லம்ப் என்கிறார்கள், கோதிக்கிலும் லம்ப் என்றால் செம்மறியாடு, மற்ற ஜெர்மானியருக்கு அது ஆட்டுக்குட்டி மட்டும். தீவின் பெயரும் கோத் பெயரும் ஒத்துப்போவதால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஃபின்னிஷ் மொழி ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. ஃபின்னிஷ் ஜெர்மானியக் குடும்பமே இல்லை. ஆனாலும் மிகப் பழைய காலத்தில் ஜெர்மானியரிடம் வாங்கிய சொற்களை, தந்தவர்களே தேய்த்துவிட்ட பிறகும், தேயாமல் வைத்திருக்கிறது. அரசனுக்குக் குனிங்காஸ், இங்கிலீஷில் அதுவே கிங் என்று குறுகிப்போயிற்று. அந்த ஃபின்னிஷில் லம்மாஸ் என்றால் செம்மறியாடு. அப்படியென்றால் முழு ஆடு என்ற பொருள்தான் பழைய பொருளாக இருக்கலாம், தீவுக்காரரும் கோத்துகளும் பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கலாம். சேர்ந்து செய்த புதுமை என்று நினைத்தது பழைய சொத்தாகிவிட்டால் சாட்சி பலவீனமாகிவிடுகிறது. இந்த ஒரு ஆட்டை வைத்து யாரையும் கடல் தாண்ட வைக்க நான் தயாராக இல்லை.

அந்த இரண்டாயிரம் வருடத்துக்கு அப்பால் வரும் மொழியியலாளரிடம் திரும்பிப் போகிறேன். பாணையும் இஸ்தோப்பையும் ஹோலிரூட்டையும் தள்ளி வைத்துவிட்டு அவர் எதை எடுக்க வேண்டும்? சுட்டுச் சொற்களை எடுக்கட்டும். யாழ்ப்பாணத்தில் இன்றும் உது, உவர், உங்கை என்று, இதுவுக்கும் அதுவுக்கும் நடுவில் இருப்பதைக் காட்டும் நடுச்சுட்டு உண்டு, பழைய தமிழின் மிச்சம். நம்மிடம் இந்த, அந்த மட்டும்தான். தமிழ்நாடு அந்த நடுச்சுட்டைத் தொலைத்த பிறகு புறப்பட்டவர்கள் நாம் என்று அதிலேயே தெரிந்துவிடும். இதே நாட்டின் வட மாகாணத்தில் யாழ்ப்பாணத் தமிழ் இருந்தும், நம் பேச்சின் அடித்தளம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது.

அப்புறம் உறவுமுறைகளை எடுக்கட்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மா அப்பாயி. அது திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல். அடுத்த காம்பராவில் அப்பத்தா என்றார்கள், அது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரத்துச் சொல். கொங்கு நாட்டில் அம்மாவின் அப்பாவுக்கு அப்புச்சி. ஒரே லயத்தில் இப்படி மூன்று சீமையும் அடுத்தடுத்து இருக்க முடியும். கங்காணி தன் ஊர், தன் சொந்தம், தன் சாதிசனம் என்று திரட்டிக்கொண்டு, மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடத்திக் கூட்டிவந்ததால், தோட்டத்துக்குத் தோட்டம், சில இடத்தில் டிவிசனுக்கு டிவிசன், சொல் மாறும். உறவைக் கூப்பிடும் சொல் சந்தையில் விலைக்கு வருவதில்லை. அந்தச் சொல் இருக்கிற இடத்துக்கு ஒரு கிழவி நடந்து வந்திருக்கிறாள்.

1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பப் பேசிக்கொண்டார்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரிப் பக்கம், கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒரு குடும்பமும் அங்கே இருக்கிறது. போனில் பேசும்போது அவர்கள் வாயில் இப்போதும் போஞ்சி வருகிறது. டச்சுக்காரனின் அவரை கரையோரச் சிங்களத்துக்குள் போய், மலை ஏறி, கடைசியில் தமிழ்நாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் கடைசிப் பயணத்தில் மட்டும் சொல்லோடு ஆளும் போனார். ஒரே சொல்லுக்கு ஒரு கட்டத்தில் ஆள் இல்லாமலும் இன்னொரு கட்டத்தில் ஆளோடும் பயணம் இருக்கிறது. எதை எதற்குச் சாட்சியாக எடுப்பது என்பதைச் சொல்லைத் தனியாகப் பார்த்துச் சொல்லவே முடியாது, கூட என்னென்ன வந்தது என்று பார்க்க வேண்டும்.

இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு எல்லாரும் பாட்டி, இல்லாவிட்டால் அம்மம்மா. பாடப்புத்தகமும் தொலைக்காட்சியும் சமன்படுத்திக்கொண்டு வருகின்றன, அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நான் எனக்குத் தெரிந்த தோட்டங்களில் அப்பாவின் அம்மாவை, அம்மாவின் அப்பாவை, அம்மாவின் தம்பி பெண்டாட்டியை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று வயசானவர்களிடம் கேட்டு எழுதி வருகிறேன். கூடவே எந்த டிவிசன், கங்காணி எந்த ஊர்க்காரர் என்று வீட்டில் சொல்லக் கேட்டதையும் எழுதிக்கொள்கிறேன். அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைப் பக்கம் எனக்கு ஆள் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால், வீட்டில் கேட்டு இந்த மூன்று சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள்.